எடை விழும் இடம்: புனைமொழிகளின் ஒலியும் அழுத்தமும்



1955 அக்டோபர் 20-ஆம் தேதி ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் மூன்றாம் பாகம் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதற்கு மறுநாள் அதன் ஆசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு ஆற்றினார். ஓடானெல் என்பவர் பெயரில் அமைந்த அறக்கட்டளை அது. ‘ஆங்கிலமும் வெல்ஷும்’ என்பது தலைப்பு. அந்த உரையில் அவர் சொன்ன ஒரு கருத்திலிருந்து தொடங்குகிறேன். தொட்டிலில் கற்ற மொழி ஒன்று நம் எல்லோருக்கும் இருக்கிறது. அது போக, நம் காதுக்கென்று பிறவியிலேயே ஓர் ஒலி விருப்பமும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்பதில்லை என்றார் அவர். ‘செல்லர் டோர்’ என்ற ஆங்கிலத் தொடரை எடுத்துக் காட்டினார். நிலவறைக் கதவு என்று பொருள். பொருளில் அழகு ஒன்றும் கிடையாது. பொருளையும் எழுத்துக்கூட்டலையும் ஒதுக்கிவிட்டு ஒலியை மட்டும் கேட்டால் அது அழகான தொடர் என்று ஆங்கிலம் பேசுவோர் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள் என்றார். அப்படிப்பட்ட சொற்கள் வெல்ஷ் மொழியில் தமக்கு மலிந்து கிடைப்பதாகவும் சொன்னார்.

ஒலியின் இன்பத்துக்காகவே மொழிகளைச் செய்தவர் அவர். சிறுவயதில் தொடங்கிய பழக்கம் அது. 1931-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பெம்ப்ரோக் கல்லூரியில் இதைப் பற்றியே ஒரு கட்டுரை வாசித்தார். ‘ஓர் இரகசியத் தீயபழக்கம்’ என்று அதற்குப் பெயர். வெளியில் சொல்லக் கூச்சப்பட்ட அந்தப் பழக்கம் இன்று பல்கலைக்கழகப் பாடமாகவும் திரைத்துறையில் ஒரு தொழிலாகவும் ஆகியிருக்கிறது. ஒருவர் உட்கார்ந்து திட்டமிட்டு உருவாக்கும் மொழியை இந்த உரையில் புனைமொழி என்று சொல்லப் போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புனைமொழிக்கு முகம் கொடுப்பவை அதன் சொற்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த ஒலி எந்த இடத்தில் வரக்கூடாது என்ற விலக்கும், சொல்லுக்குள் அழுத்தம் எங்கே விழும் என்ற விதியும்தான் முகம் கொடுக்கின்றன. இவை இரண்டும் சரியாக அமைந்த மொழியில் இருபது சொற்கள் இருந்தாலும் அது மொழியாகக் கேட்கிறது. இவை அமையாத மொழியில் இருபதாயிரம் சொற்கள் இருந்தாலும் அகராதியாகத்தான் நிற்கிறது.

விலக்கு என்பது தமிழ் மாணவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. சொல்லின் முதலில் வரும் எழுத்துகள் இவை, ஈற்றில் வரும் எழுத்துகள் இவை, எந்த மெய்யோடு எந்த மெய் மயங்கும் என்று தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் வகுத்து வைத்திருக்கிறார். ர, ல முதலில் வராது என்றதால்தான் இராமன் என்றும் உலகு என்றும் எழுதினோம். விபீஷணன் கம்பனிடம் வீடணன் ஆனான். லக்ஷ்மணன் இலக்குவன் ஆனான். வெளியிலிருந்து ஒரு பெயர் வரும்போது வாசலில் நின்று அதைத் தன் உருவுக்கு மாற்றிக்கொள்ளும் மொழி, தன் எல்லை எது என்று அறிந்த மொழி. புனைமொழிக்கு அந்த அறிவு தானாக வராது. அதைச் செய்பவர் கொடுக்க வேண்டும்.

டோல்கீன் கொடுத்தார். அவர் வாழ்நாள் முழுக்கத் திருத்தித் திருத்திச் செய்த மொழிகளில் முதன்மையானவை இரண்டு: குவென்யா, சிந்தாரின். எக்ஸிடர் கல்லூரியில் மாணவராக இருந்தபோது நூலகத்தில் ஒரு ஃபின்னிய இலக்கண நூலைக் கண்டெடுத்தார். முன்பின் சுவைத்திராத மது நிறைந்த நிலவறையைக் கண்டது போல இருந்தது என்று பிற்காலத்தில் கவிஞர் ஆடனுக்குக் கடிதம் எழுதினார். குவென்யா அந்த மயக்கத்தில் பிறந்தது. இலத்தீன் அதன் அடிப்படை என்றும், ஃபின்னியமும் கிரேக்கமும் அதோடு சேர்ந்தன என்றும் 1954-இல் எழுதிய ஒரு கடிதத்தில் அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார்.

குவென்யாவின் விலக்குகளைப் பாருங்கள். சொல் உயிரில் முடியலாம். மெய்யில் முடிந்தால் ன், ர், ல், ஸ், ட் இவற்றில் ஒன்றில்தான் முடிய வேண்டும். ஃபின்னியத்திலும் சொந்தச் சொற்களுக்கு இதே ஐந்துதான் ஈறு. சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் கூட்டாக வருவதில்லை. ஆங்கிலத்தின் பி, டி, ஜி எழுத்துகள் குறிக்கும் அதிரும் வல்லொலிகள் தனித்து நிற்பதில்லை. மெல்லினத்தின் பின்னாலோ, ர், ல் இவற்றின் பின்னாலோதான் தலைகாட்டும். பம்பரம், பந்து, தங்கம் என்று சொல்லும்போது நம் வாயில் நடப்பதுதான் இது. டோல்கீன் தமிழிலிருந்து எடுத்தார் என்று யாரும் முடிச்சுப் போட வேண்டாம். அவருக்குக் கிடைத்த வழி ஃபின்லாந்து வழி. ஆனாலும் குவென்யாவை முதன்முதலாகப் படித்த ஒரு தமிழ்க் காதுக்கு ஏதோ தெரிந்த தெருவில் நடப்பது போல இருக்கிறதென்றால், அதற்குக் காரணம் இந்த விலக்குகளின் ஒற்றுமைதான்.

இந்த விலக்குகளை அவர் பட்டியல் போட்டு மட்டும் வைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாற்றை எழுதினார். மரத்தைக் குறிக்கும் மூலச்சொல் ‘கலடா’ என்று வைத்தார். முதல் ஒலி அதிரும் ககரம். குவென்யா பேசியவர்கள் வாயில் அந்தத் தலை மெய் தேய்ந்தது. நடு உயிரும் போயிற்று. ‘அல்ட’ என்று நின்றது. சிந்தாரின் பேசியவர்கள் தலை மெய்யை விடாமல் வைத்துக்கொண்டு கடைசி உயிரை விட்டார்கள். ‘கலத்’ என்று ஆயிற்று. சொல் என்பதற்குக் குவென்யாவில் ‘குவெட்ட’, சிந்தாரினில் ‘பெத்’. கேட்டால் ஒட்டுறவே இல்லாதவை. ஆனால் ‘க்வ்’ என்ற பழைய ஒலி சிந்தாரினில் எப்போதும் பகரமாகும், இரட்டித்த டகரம் ‘த்’ என்ற உரசொலியாகும், ஈற்று உயிர் உதிரும் என்ற மூன்று மாற்றங்களைத் தெரிந்துகொண்டால் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று விளங்கிவிடும். கால்டுவெல் வழியில் தமிழையும் தெலுங்கையும் கன்னடத்தையும் அடுக்கிவைத்து ஒப்பிட்டவர்களுக்கு இந்த வேலையின் சுவை தெரியும். டோல்கீன் அதைத் திசை திருப்பிச் செய்தார். முதலில் மூலத்தை எழுதினார், பிறகு வழிவழியாகச் சிதைத்தார்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இன்னொன்று. அவருடைய கதையில் குள்ளர்கள் தங்களைக் ‘கஸாத்’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். அதன் முதல் ஒலி ககரத்தோடு ஹகரம் சேர்ந்த மூச்சொலி; நடுவில் அதிரும் ஸகரம்; பிறகு நெடில்; ஈற்றில் அதிரும் டகரம். குவென்யாவுக்கு இந்த ஈறு ஆகாது. அந்த மூச்சொலியும் அதில் இல்லை. ஆகவே குவென்யா பேசுகிறவர்கள் ‘கசர்’ என்று சொல்கிறார்கள். சிந்தாரின் பேசுகிறவர்கள் தங்கள் ஒலிகளில் நெருக்கமானதைத் தேடி ‘ஹதொத்’ என்கிறார்கள். மூன்று இனங்கள், ஒரே பெயர், மூன்று வாய்கள். இலக்குவனும் வீடணனும் நடந்து வந்த அதே வழி.

சிந்தாரின் வெல்ஷ் சாயலில் செய்யப்பட்டது. வெல்ஷில் சொல்லின் தலை மெய் முன்சொல்லைப் பொறுத்து மாறும். நமக்குப் புணர்ச்சியில் பெரும்பாலும் நிலைமொழியின் ஈறு மாறுவது போல. ‘பெரியன்னத்’ என்றால் குறுமனிதர் கூட்டம். அதன் முன் ஒரு சுட்டுச் சொல் வந்தால் பகரம் உரசொலியாகி ‘ஃபெரியன்னத்’ ஆகிவிடும். இதைப் பற்றி மட்டுமே தனியாக ஓர் உரை ஆற்றலாம். நேரம் கருதி அழுத்தத்துக்கு வருகிறேன்.

அழுத்தம் என்று எதைச் சொல்கிறோம்? ஒரு சொல்லின் அசைகளில் ஒன்றை மற்றவற்றைவிடச் சற்று உரத்தோ, நீட்டியோ, சுருதி ஏற்றியோ சொல்வது. அசை என்று நான் சொல்வது யாப்பின் நேரசை நிரையசையை அல்ல. ஓர் உயிரை நடுவாகக் கொண்ட ஒலித்துண்டை. ஆங்கிலத்தில் ‘ரெக்கார்ட்’ என்ற சொல்லின் முதல் துண்டை அழுத்தினால் பதிவு. இரண்டாவதை அழுத்தினால் பதிவுசெய் என்ற வினை. தமிழில் இப்படி அழுத்தத்தை இடம் மாற்றிப் பொருளை மாற்ற முடியாது. அதனால் நம் மாணவர்களுக்கு அழுத்தம் என்பது கண்ணுக்குத் தெரியாத சரக்காகவே இருக்கிறது. ஆனால் அழுத்தம் எங்கே விழும் என்று தீர்மானிக்கிற ஒன்றை நாம் மிக நன்றாக அறிவோம். அதுதான் அசையின் எடை.

படு, பாடு, பட்டு. இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். படு என்பதில் உகரம் முழுதாக ஒலிக்கிறது. பாடு, பட்டு இரண்டிலும் அது குறுகிப்போகிறது. முற்றியலுகரம், குற்றியலுகரம் என்று பள்ளியில் படித்ததுதான். ஏன் குறுகுகிறது? முன்னால் இருக்கும் துண்டு கனமாக இருப்பதால். நெடில் வந்தாலும் கனம், குறிலை அடுத்து ஒற்று வந்து மூடினாலும் கனம், தனிக்குறில் இலேசு. வடமொழியார் இதையே குரு, லகு என்றார்கள். இந்தக் கனத்தையும் இலேசையும் வைத்துத்தான் இலத்தீன் மொழி தன் அழுத்தத்தை நிறுத்தியது; டோல்கீன் அந்த விதியை எடுத்து அப்படியே குவென்யாவுக்கும் சிந்தாரினுக்கும் கொடுத்தார்.

விதி இதுதான். ஈரசைச் சொல்லில் ஏறக்குறைய எப்போதும் முதல் அசையில் அழுத்தம். நீண்ட சொற்களில் ஈற்றயல் அசையைப் பார்க்க வேண்டும். அதில் நெடிலோ, கூட்டுயிரோ, அடுத்து இரண்டு மெய்கள் வரும் குறிலோ இருந்தால் அழுத்தம் அங்கேயே நிற்கும். இல்லாவிட்டால் ஓர் அசை பின்வாங்கி, ஈற்றிலிருந்து மூன்றாவது அசைக்குப் போகும். இலத்தீனில் நண்பன் என்ற பொருளுள்ள ‘அமீகுஸ்’ மீகாரத்தில் அழுந்தும். தலைவன் என்ற பொருளுள்ள ‘டொமினுஸ்’ முதலெழுத்தில் அழுந்தும். நாவலின் கடைசியில் வரும் பிற்சேர்க்கைகளில் ஈ என்ற பகுதியில் டோல்கீன் இதை விளக்கியிருக்கிறார். அழுத்தத்துக்குக் குறியீடு எதுவும் போடவில்லை, சொல்லின் வடிவமே அதைச் சொல்லிவிடும் என்பது அவர் நிலை.

இப்போது நாவலில் வரும் பெயர்களில் விதி வேலை செய்வதைக் கேட்கலாம். இசில்துர்: ஈற்றயல் ‘சில்’ மூடிய அசை, கனம், அழுத்தம் அங்கே. எலென்தில்: ‘லென்’ கனம், அங்கேயே. அரகொர்ன்: ஈற்றயல் ‘ர’ இலேசு, ஆகவே முதல் அகரத்துக்குப் போய்விடும். ஃபரமிர், பொரொமிர், லெகொலஸ் எல்லாம் அதே வகை, எல்லாவற்றிலும் முதலசை.

ஒரே சொல் வேற்றுமை ஏற்கும்போது நடப்பதுதான் என்னை இந்த மொழியோடு கட்டிப்போட்டது. குவென்யாவில் விண்மீன் ‘எலென்’; ஈரசை, முதலில் அழுத்தம். பன்மை ‘எலெனி’, ஈற்றயல் ‘லெ’ இலேசு, அழுத்தம் முதலிலேயே இருக்கும். விண்மீன்களுடைய என்று சொல்ல ‘எலெனியொன்’; இப்போது ஈற்றயல் ‘னி’ இலேசாக இருப்பதால் அழுத்தம் மூன்றாமிடத்தில் உள்ள ‘லெ’ மீது ஏறுகிறது. விண்மீன்களிலிருந்து என்று சொல்ல ‘எலெனில்லொர்’. லகரம் இரட்டித்து ‘னில்’ கனத்துவிட்டது, அழுத்தம் அங்கே ஓடிவந்துவிட்டது. முதல் அசையில் இருந்த அழுத்தம் இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும் நகர்கிறது. வேற்றுமை மாறியதை உருபும் சொல்கிறது, தாளமும் சொல்கிறது. இன்னொன்று: சில்மரில் என்ற மணி. ஒருமையில் அழுத்தம் ‘சில்’ மீது. பன்மை ‘சில்மரில்லி’, அழுத்தம் ‘ரில்’ மீது. டோல்கீன் மறைந்த பிறகு 1977-இல் அவர் மகன் கிறிஸ்டோபர் பதிப்பித்த நூலின் பெயர் ‘சில்மரில்லியொன்’, அதாவது சில்மரில்களுடைய. அதிலும் அழுத்தம் ‘ரில்’ மேல்தான்.

இந்த விதியில் ஒரு கண்ணி உண்டு. டோல்கீன் நெடில்களின் தலையில் ஒரு சாய்கோடு போடுவார். ஐரோப்பிய எழுத்துப் பழக்கம் உள்ளவர்கள் பலர் அதை அழுத்தக் குறி என்று எடுத்துக்கொள்கிறார்கள். தொலைவில் இருப்பதைக் காட்டும் மாயக்கல்லுக்குப் ‘பலன்தீர்’ என்று பெயர். சாய்கோடு ‘தீ’ மேல் இருக்கிறது. அழுத்தமோ ‘லன்’ மேல். ஏனென்றால் ஈற்றயல் அதுதான், கனமும் அதற்கு உண்டு. பன்மையில் ‘பலன்தீரி’ என்று ஓர் அசை கூடியதும் ‘தீ’ ஈற்றயலாகிவிடுகிறது. அழுத்தம் அதன் மேல் வந்து உட்கார்கிறது. நீளமும் அழுத்தமும் வேறு வேறு என்பதை விளக்க மாணவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

1952 ஆகஸ்ட்டில் மால்வெர்னில் நண்பர் ஜார்ஜ் சேயர் வீட்டில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி முன் டோல்கீன் தம் படைப்புகளை வாசித்தார். ‘நமாரியெ’ என்ற குவென்யாப் பாடலும் அதில் இருக்கிறது. அந்தப் பதிவு பின்னால் இசைத்தட்டாக வந்து இன்றும் கிடைக்கிறது. மாணவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். ரகரத்தை எல்லா இடத்திலும் நாக்கு நடுங்க உருட்டுகிறார். மெய்க்கு முன்னால் வரும் ரகரத்தை விழுங்கும் ஆங்கிலப் பழக்கம் அதில் இல்லை. இரட்டித்த மெய்களில் நின்று நகர்கிறார். நெடில்கள் நெடில்களாகவே இருக்கின்றன. தாம் எழுதிய விதிக்குத் தாமே பணிந்து பேசும் ஒரு மனிதரின் குரல் அது.

இனி முற்றிலும் வேறொரு நோக்கத்தோடு செய்யப்பட்ட மொழிக்கு வருவோம். லூத்விக் சாமென்ஹோஃப் பியாவிஸ்தோக் நகரில் 1859-இல் பிறந்தவர். இத்திஷ், போலிஷ், ரஷ்யன், ஜெர்மன் பேசும் மக்கள் ஒரே ஊரில் முறைத்துக்கொண்டு வாழ்ந்ததைப் பார்த்து வளர்ந்தவர். எல்லோருக்கும் பொதுவாக, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழி இருந்தால் பகை குறையும் என்று நம்பினார். 1887-இல் வார்சாவில் அவர் வெளியிட்ட சிறு நூலிலிருந்துதான் எஸ்பெராண்டோ தொடங்குகிறது. அதன் இலக்கணம் பதினாறு விதிகளில் அடங்கிவிட்டது. அதில் பத்தாவது விதி: அழுத்தம் எப்போதும் ஈற்றயல் அசையில். எடை பார்க்க வேண்டாம், விதிவிலக்கு கிடையாது.

எளிமைதான். ஆனால் அதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. விண்மீன் ‘ஸ்டேலோ’. பன்மைக்கு ஒரு யகர மெய் சேர்ந்து ‘ஸ்டேலோய்’. செயப்படுபொருளுக்கு ஒரு னகர மெய்யும் சேர்ந்து ‘ஸ்டேலோய்ன்’. பன்மை உருபும் வேற்றுமை உருபும் தனி மெய்களாக இருப்பதால் அசை கூடவில்லை. அசை கூடாததால் அழுத்தம் நகரவில்லை. வினையிலும் அப்படியே: காலம் மாறும்போது ஈற்று உயிர் மட்டும் மாறுகிறது, ‘கன்’ என்ற அசையில் அழுத்தம் விழும் கன்டஸ், கன்டிஸ், கன்டொஸ் மூன்றும் ஒரே தாளம். புதிய சொல்லை ஆக்கும்போதுதான் அழுத்தம் இடம் மாறும். பூனை ‘கட்டோ’, அழுத்தம் முதலில். பூனைக்குட்டி ‘கட்டீடோ’, அழுத்தம் நடுவில். கற்கத் தொடங்கியவருக்கு இது பெரிய உதவி. ஒரு சொல் எத்தனை வேற்றுமை ஏற்றாலும் அது அதே சொல்தான் என்று காது கண்டுகொள்ளும். டோல்கீன் எதை இன்பமாக்கினாரோ அதைச் சாமென்ஹோஃப் வேண்டுமென்றே தவிர்த்தார். எனக்கு முதலாமவரிடம் மயக்கம், இரண்டாமவரிடம் மரியாதை.

கவிஞர்களுக்கு ஒரு வாசலையும் அவர் திறந்து வைத்தார். பதினாறாவது விதிப்படி, பெயர்ச்சொல்லின் ஈற்று ஓகாரத்தை விட்டுவிடலாம். ஆனால் அழுத்தம் பழைய இடத்திலேயே நிற்கும். நம்பிக்கை ‘எஸ்பேரோ’, ஓகாரம் போனால் ‘எஸ்பேர்’, அழுத்தம் இப்போது கடைசி அசையில். ஒவ்வொரு அடியும் இலேசான அசையில் தேய்ந்து முடியும் மொழியில், அடியைக் கனமாக இறக்கி வைக்க இப்படி ஒரு வழி கிடைத்தது. எஸ்பெராண்டோவில் கவிதை வளர்ந்ததற்கு இந்தச் சிறு விதிக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

ஆனால் மெய்ம்மயக்கத்தில் சாமென்ஹோஃப் அந்தக் கருணையைக் காட்டவில்லை. அறிந்துகொள் என்பதற்குரிய சொல் ஸ், ட், ஸ் என்று மூன்று ஒலியை ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றித் தொடங்குகிறது. காலுறை ‘ஷ்ட்ரும்போ’. போலிஷும் ஜெர்மனும் கேட்டு வளர்ந்த காதுக்கு இவை இடறவில்லை. ஜப்பானியருக்கும் நமக்கும் இடறும். உலகப் பொதுமொழி என்ற கனவுக்குள் பியாவிஸ்தோக்கின் தெருக்கள் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டன.

பேசுகிறவர்கள் திருத்திய இடமும் உண்டு. தொண்டையில் கரகரக்கும் ஒரு ஹகரத்தைச் சாமென்ஹோஃப் வைத்திருந்தார். பலருக்கு அது வரவில்லை. காலப்போக்கில் ‘டெஹ்னிகோ’ போன்ற சொற்கள் ‘டெக்னிகோ’ என்று ககரத்துக்கு மாறின. எந்தச் சங்கமும் ஆணையிட்டு நடந்த மாற்றம் இல்லை இது. ஆனால் பாடகர் குழுவைக் குறிக்கும் ‘ஹோரோ’ என்ற சொல்லில் சிக்கல் வந்தது. அந்த ஒலியைக் ககரமாக்கினால் ‘கோரோ’ ஆகும்; அதற்கு இதயம் என்று பொருள். சாதாரண ஹகரமாக்கினால் மணிநேரம் என்று பொருள்படும் வேறு சொல் ஆகிவிடும். என்ன செய்வது? ‘கொரூசோ’ என்று புதிய சொல்லைக் கொண்டுவந்தார்கள். ஓர் ஒலி வாயில் நிற்காமல் போனதால் அகராதியில் ஒரு சொல் பிறந்தது. செக் நாட்டவரைக் குறிக்கும் சொல்லிலோ அந்தக் கரகர ஒலி இன்னும் உயிரோடு இருக்கிறது. மாற்றினால் அவர் காசோலை ஆகிவிடுவார்.

எஸ்பெராண்டோவுக்கு முன்னரே ஜெர்மன் நாட்டுப் பாதிரியார் ஷ்லையர் செய்த வோலப்யூக் இருந்தது. அழுத்தம் எப்போதும் கடைசி அசையில். சிலருக்குக் கடினம் என்று கருதி ரகரத்தைப் பெரும்பாலும் தவிர்த்தார். அதற்காக உலகம், பேச்சு என்ற ஆங்கிலச் சொற்களை வெட்டிச் சுருக்கி ‘வோல்’, ‘ப்யூக்’ என்று ஆக்கினார். மூலம் யாருக்கும் அடையாளம் தெரியாமல் போயிற்று. கடினமான ஓர் ஒலியை விலக்கியவர், ஐரோப்பாவுக்கு வெளியே பலருக்கும் வராத ‘யூ’ போன்ற உதடு குவித்த முன்னுயிர்களைத் தாராளமாக வைத்தார். விலக்கு நல்லதுதான்; யாருடைய வாய்க்காக விலக்குகிறோம் என்ற தெளிவும் வேண்டும்.

திரைக்காகச் செய்யப்பட்ட மொழிகளில் இரண்டை மட்டும் தொட்டுச் செல்கிறேன். 1984-இல் வந்த மூன்றாவது ‘ஸ்டார் ட்ரெக்’ படத்துக்காகக் கிளிங்கான் மொழியை வளர்த்த மார்க் ஓக்ராண்ட், கலிபோர்னியப் பழங்குடி மொழி ஒன்றை ஆராய்ந்த மொழியியலாளர். அயல்கிரகத்தார் மொழி மனிதர் மொழி போல ஒழுங்காக இருக்கக்கூடாது என்று, இயற்கை மொழிகளில் சேர்ந்து வராத ஒலிகளைச் சேர்த்தார். நம் டகரம் போல நாக்கை வளைத்துச் சொல்லும், அதிரும் ஒலி உண்டு. ஆனால் அதன் அதிராத இணையை நாக்கை வளைக்காமல் பல்லருகே வைத்துவிட்டார். உலக மொழிகளில் மிகப் பொதுவான ககரம் கிடையவே கிடையாது. அதற்குப் பதில் அண்ணாக்குவரை பின்வாங்கிச் சொல்லும் ஒலிகள். வினைச்சொல்லில் அழுத்தம் பொதுவாக வேரசையில் விழும். முன்னும் பின்னும் எத்தனை ஒட்டு வந்தாலும் வேர் தலைநிமிர்ந்து நிற்கும். போர்க்குணத்துக்கு ஏற்ற விதி என்பது என் எண்ணம். 2009-இல் வந்த ‘அவதார்’ படத்துக்காகப் பால் ஃப்ரோமர் செய்த நாவி மொழியில் அழுத்தம் எந்த விதிக்கும் கட்டுப்படாமல் சொல்லுக்குச் சொல் தனியே குறிக்கப்படுகிறது. ‘டுடெ’ என்பதில் முதல் அசையை அழுத்தினால் ஓர் ஆள். இரண்டாவதை அழுத்தினால் ஒரு பெண். நம் பக்கத்தில் 2015-இல் ‘பாகுபலி’ படத்துக்காக மதன் கார்க்கி செய்த கிலிக்கியில் நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் வந்தன. பொருள் புரியாமலேயே அரங்கில் இருந்தவர்கள் அந்த மொழியை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்றால், அது அந்தச் சொடுக்கின் வேலை.

கடைசியாக, நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ் எழுத்தில் அழுத்தத்தைக் குறிக்க வழியில்லை. ஆகவே நாவிச் சொல்லையோ ஆங்கிலச் சொல்லையோ தமிழில் எழுதினால் அழுத்தம் காணாமல் போகும். குவென்யாவும் சிந்தாரினும் அப்படி இல்லை. அவற்றின் அழுத்தம் குறில், நெடில், ஒற்று இம்மூன்றிலிருந்தே பிறக்கிறது. மூன்றையும் துல்லியமாகக் காட்டும் எழுத்து நம்முடையது. இந்திக்காரர்கள் எழுதும் நாகரியில் எகரக் குறிலையும் ஏகார நெடிலையும் வேறுபடுத்துவது கடினம். நமக்கு எ, ஏ, ஒ, ஓ நான்கும் தனித்தனியே இருக்கின்றன. சரியாக எழுதிவிட்டால் வாசகர் அழுத்தத்தைத் தாமே கண்டுபிடித்துவிடலாம். ஒரு குறை இருக்கிறது: மெல்லினத்தின் பின் வரும் வல்லினம் அதிர்வதும் உண்டு, அதிராததும் உண்டு, குவென்யா இரண்டையும் வேறுபடுத்தும், நாம் இரண்டையும் அதிரவைத்தே படிப்போம். அதனால்தான் பலந்தீர் என்று எழுதாமல் பலன்தீர் என்று எழுதினேன். இது அழுத்தத்தைப் பாதிக்காது.

பாதிப்பது நம் நெடில் ஆசை. வெளிநாட்டுப் பெயர் என்றாலே நீட்டி எழுதும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. லெகோலாஸ் என்று எழுதுகிறோம். ‘கொ’ குறிலாக இருந்தவரை அழுத்தம் முதல் அசையில் இருந்தது. ‘கோ’ ஆனதும் ஈற்றயல் கனத்து, அழுத்தம் அங்கே தாவிவிடுகிறது. வேட்டைத் தெய்வத்தின் பெயர் ஒரொமெ. மூன்றும் குறில், அழுத்தம் முதலில். ஓரோமே என்று அச்சிட்டால் அழுத்தம் நடுவுக்குப் போய், டோல்கீன் ஒருபோதும் சொல்லாத ஒரு பெயர் பிறக்கிறது. மொழியியல் துறையில் மொழிபெயர்ப்பு பயிலும் மாணவர்கள் சிலர் இந்தப் பெயர்களுக்கெல்லாம் ஒரு தமிழ் அட்டவணை செய்யலாம்: மூலத்தின் குறில் தமிழிலும் குறில், மூலத்தின் நெடில் தமிழிலும் நெடில், மூலத்தில் இரட்டித்த மெய் தமிழிலும் இரட்டித்த மெய். அதைத் துறையே அச்சிட்டு வெளியிட்டால், அடுத்து இந்த நூல்களைத் தமிழாக்குகிறவர் மேசையில் அது இருக்கும். அந்தப் பணிக்கு வேண்டிய உதவியை நானும் செய்யக் காத்திருக்கிறேன்.